க்ராய்டனில் மழை

மித்ரா பழைய வேட்டியின் கரையை நீளமாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்ட வேண்டும். பாமா அத்தை கை நீட்டியும் துணியைக் கொடுக்காமல் தானே கட்டினாள். முடிச்சு சரியில்லை என்று அவிழ்த்து மறுபடி கட்டினாள். பிறகு அடுப்படிக்குப் போய், ஏற்கெனவே கழுவியிருந்த பாத்திரங்களை இன்னொரு முறை கழுவினாள்.

"சும்னே ஒரு எடத்துல ஒக்காரு மித்ரா," என்றாள் அத்தை. "விடிஞ்சதுலேருந்து நடந்துகினே இருக்கற."

அவள் உட்காரவில்லை. ஸ்ரீராம்புரத்தின் அந்தச் சந்தில் பந்தல் போட இடமில்லாததால் எதிர்வீட்டு வாசல்வரை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அப்பா எத்திராஜ் அங்கே உட்கார்ந்து, துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். சொர்ணம் லண்டனில் இருந்தவள்.

அது லண்டன் அல்ல, க்ராய்டன். அம்மா இருந்திருந்தால் திருத்தியிருப்பாள். கன்னிங்ஹாம் ரோடு பக்கம் குடியிருந்த வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஊர் திரும்பியபோது, தங்கள் குழந்தை கிளேரைப் பார்த்துக்கொள்ள அவளையும் அழைத்துப் போனது. மித்ரா அப்போது பள்ளிக்கூடம்கூடச் சேரவில்லை. அம்மா திரும்பி வந்தபோது இவள் எட்டாம் வகுப்பில் இருந்தாள். வாசலில் பெட்டியோடு நின்றவளைப் பார்த்து, உள்ளே போய் அத்தையைக் கூப்பிட்டாள்.

அதன் பிறகு அந்த வீட்டில் க்ராய்டன் பேச்சு ஓயவே இல்லை. விடிகாலையில் வாசலில் வந்து நிற்கும் பால் புட்டிகள். மாடி பஸ்ஸின் முன்சீட்டு. சனிக்கிழமை ராத்திரி டிவியில் உருண்டு விழும் லாட்டரிப் பந்துகள். காகிதப் பொட்டலத்தில் வினிகர் ஊற்றித் தரும் சிப்ஸ். ஞாயிறு சாயங்காலம் ரேடியோவில் அந்த வாரத்துப் பாட்டுகளை வரிசையாகப் போடுவார்களாம். அவளும் கிளேரும் டேப் ரெக்கார்டர் முன்னால் குந்திக்கொண்டு, அறிவிப்பாளர் வாய் திறக்கும் முன்பே பொத்தானை அழுத்திப் பதிவை நிறுத்திவிடப் பார்ப்பார்களாம். அந்த கேசட்டுகளைக் கொண்டுவந்திருந்தாள். ஒன்றில், பாட்டு முடியும் இடத்தில், "ஸ்வானி, நௌ!" என்று ஒரு சிறுமி கத்துவாள்; சொர்ணம் என்ற பேர் கிளேரின் வாயில் அப்படி ஆகியிருந்தது. தொடர்ந்து அம்மா சிரிப்பாள். அப்படி ஒரு சிரிப்பை மித்ரா வீட்டில் கேட்டதில்லை.

ஏன் அவ்வளவு நாள் வரவில்லை என்று ஒரு தடவையாவது கேட்டுவிட நினைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில், அம்மாவுக்குக் கிட்னி ரெண்டும் போய்விட்டது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொன்ன பிறகு, பொம்மனஹள்ளியில் கணவனையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு இங்கேயே வந்து தங்கினாள். தினமும் கேட்கப் போனாள். தினமும் பெட்பேனையோ பால் டம்ளரையோ எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

இன்று விடிகாலையில் அம்மா கண் திறந்தபோது பார்வை தெளிவாக இருந்தது. மித்ரா கட்டிலருகே நெருங்கி உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

அம்மா அவள் முகத்தையே பார்த்தாள். முகம் மெல்ல மலர்ந்தது.

"கிளேர்," என்றாள். அதன் பிறகு எல்லாம் இங்கிலீஷில் வந்தது. "கோட்டு போட்டியா, லவ்? வெளிய மழை. பஸ் வந்துடும்."

லவ். கண்ணு என்று கொஞ்சுகிற மாதிரி. மித்ரா எழுந்துவிடப் பார்த்தாள். நான் கிளேர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். பக்கத்து அறையில் அப்பா இருமினார். அம்மாவின் கை போர்வையிலிருந்து வெளியே வந்து, மித்ராவின் கழுத்தடியில் இல்லாத பொத்தானைத் தேடியது. எட்டவில்லை. மித்ரா குனிந்துகொடுத்தாள்.

"போட்டுட்டேன், ஸ்வானி," என்றாள், இங்கிலீஷிலேயே.

அம்மாவின் விரல்கள் நைட்டியின் கழுத்தை இழுத்துச் சேர்த்து, மேல் பொத்தானைப் போடுவதுபோல் அழுத்தின. கன்னத்தை ஒருமுறை தட்டிக்கொடுத்தன. கொஞ்ச நேரத்தில் கை கனத்தது. மித்ரா நிமிராமல் அப்படியே இருந்தாள், அப்பா வந்து தோளைத் தொடும்வரை.

மத்தியானம் பௌத்த முறைப்படி பஞ்சசீலம் சொல்லி எடுத்தார்கள். மித்ராவும் இடுகாடுவரை நடந்தாள். பாடையோடு போகிறவர்களை முந்திக்கொண்டு போய், பின் நின்று, மறுபடி முந்தினாள். குழி மூடியதும் எல்லோருக்கும் முன்பாகத் திரும்பி வந்து, தலைக்கு ஊற்றிக்கொண்டு, வீடு முழுக்கக் கழுவிவிட்டாள்.

சாயங்காலம் நாற்காலிகளை அடுக்கி எடுத்துப் போன பிறகு, அப்பா வெறும் தரையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய காப்பி ஒரு டம்ளர்தான் மீந்திருந்தது. மித்ரா அதை எடுத்துக்கொண்டு அன்று முதன்முறையாக அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உன்னாண்ட ஏதோ பேசினாளே, காதுல விழுந்துச்சி," என்றார் அவர். "கடைசியா யாரக் கேட்டா?"

மித்ரா டம்ளரைப் பார்த்தாள்.

"என்னத்தாம்ப்பா."

அவர் தலையாட்டினார். மித்ரா இன்னொரு டம்ளரை எடுத்து, மேலே படிந்திருந்த ஆடை விழுந்துவிடாமல் விரலால் தடுத்துக்கொண்டு, அவருக்குப் பாதியை ஊற்றினாள்.