இடுக்கில் சிக்கிய மாப்பிள்ளை

அந்தப் பெரிய கப்பல் முழுகிய கதை உலகத்துக்கே தெரியும். கரிமூஞ்சி பிழைத்த கதையைத்தான் ஆளுக்கொரு தினுசாக அளக்கிறார்கள். நடந்தது இதுதான்.

கொதிகலன் அடுப்புக்குக் கரி அள்ளிப்போடுவது கரிமூஞ்சியின் வேலை. தங்கை புருஷனுக்கும் அவனே சொல்லி, அடுத்த அறையான கரிக்கிடங்கில் வேலை வாங்கித் தந்திருந்தான். கிடங்குக்கு வாசல் ஒன்றுதான். அதில் மேலிருந்து இறங்கும் இரும்புக் கதவு. ஆபத்து மணி அடித்தால் தானாக விழும். தினமும் காலையில் அதை இறக்கிச் சோதிப்பார்கள். முழுசாக இறங்கினால் அடியில் கரித்தூள் கவ்விக்கொள்ளும்; திரும்ப ஏற்றுவதற்குள் தாவு தீர்ந்துவிடும். அதனால் கரிக்காரர்கள் கமுக்கமாக ஒரு கட்டையை முட்டுக் கொடுப்பார்கள். சோதனை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். அன்றைக்குக் கரிமூஞ்சி எடுக்க மறந்துவிட்டான்.

மத்தியானம், மூடுபனியில், கப்பல் எதன்மேலோ மோதி, கிடங்குப் பக்கம் கிழிந்தது. மணி அலறியது. கதவு விழுந்து கட்டையின்மேல் உட்கார்ந்தது. முக்கால் முழ இடுக்கு வழியே கடல் அடுப்பறைக்குள் பாய்ந்தது.

"கட்டையை உருவுடா!" அடுப்பறை மேஸ்திரி கத்தினார்.

"உள்ள மாப்ள இருக்காருண்ணே!"

"இங்க முப்பது பேரு இருக்கோம்டா! ஏணி ஒண்ணுதான்!"

தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. அடுப்பைத் தொட்டால் கொதிகலன் வெடிக்கும். கரிமூஞ்சி சம்மட்டியை ஓங்கினான். இறக்கவில்லை. இடுக்கில் ஒரு கை தெரிந்தது, பிறகு தலை. தொப்பை மட்டும் வர மறுத்தது.

"மூச்சை விடுங்க மாப்ள!"

"விட்டா செத்துருவேன் மச்சான்!"

"விடாட்டியும் அதான்!"

மேஸ்திரி ஒரு கையையும் இவன் ஒரு கையையும் பிடித்து இழுத்தார்கள். சட்டை கிழிந்து, தோல் உரிந்து, மாப்பிள்ளை வெளியே விழுந்தார். சம்மட்டி இறங்கியது. ஒரு அடி, இரண்டு அடி. மூன்றாவதில் கட்டை தெறிக்க, கதவு மூடியது. எல்லாரும் ஏணியில் தொற்றினார்கள்.

காப்பாற்ற வந்த கப்பலின் மேல்தளத்தில் மேஸ்திரி தலைகளை எண்ணினார். கரிமூஞ்சியும் கூடவே எண்ணினான். தாமதத்தில் எவன் போனானோ? இருபத்தொன்பதில் நிறுத்தி, தடுமாறி, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார் பாவி மனுஷன்.

"முப்பத்தொண்ணு. உன் மாப்ளயோட சேர்த்து."

கரிமூஞ்சி பொத்தென்று உட்கார்ந்தான். மேஸ்திரி அருகில் வந்து பளாரென்று ஒன்று வைத்தார்.

"இது கட்டையை எடுக்காததுக்கு."

"அப்போ உடனே உருவாததுக்கு?" கன்னத்தைப் பிடித்தபடி கேட்டான்.

மேஸ்திரி, போர்வைக்குள் முனகிக்கொண்டிருந்த மாப்பிள்ளையைப் பார்த்தார். "அதுக்கு எதாவது குடுக்கணும்னா உன் தங்கச்சி குடுக்கட்டும்."