தெருமுனையிலிருந்தே திறக்கும் கதவு

கார் ஷெட்டை ஒழுங்குபடுத்துகிறேன் என்று கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை, கதவு மோட்டாரிலிருந்து வால் மாதிரி தொங்கிக்கொண்டிருந்த கம்பியைக் கத்தரித்துப் போட்டேன். எங்கேயும் போய்ச் சேராத கம்பி, எதற்கு வீணாகத் தொங்க வேண்டும்? ரிமோட்டின் சிக்னலைப் பிடிக்கிற ஏரியலே அதுதான் என்பது சாயந்திரம் தெரிந்தது. கையோடு கையாக மோட்டாரில் இருந்த குண்டு பல்பையும் கழற்றிவிட்டு மலிவாக ஒரு எல்.ஈ.டி. மாட்டியிருந்தேன். கெடுப்பதில் நான் அரைகுறையாக விடுகிற ஆள் இல்லை.

அதுவரை தெருமுனையில் திரும்பும்போதே ரிமோட்டை அழுத்தினால் கதவு திறந்துகொள்ளும். இப்போது காரின் மூக்கைக் கதவில் இடிக்கிற மாதிரி கொண்டுபோய், கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, யாருக்கோ டாட்டா காட்டுவதுபோல் ஆட்டினால்தான் மனமிரங்கும். இதற்கு இறங்கிப் போய்த் தட்டிவிடலாம் என்றாள் மனைவி.

அந்தக் கதவைப் போட்டது அப்பா. நானும் அக்காவும் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள். கடகடவென்று கதவு ஏறினால், அப்பா தெருமுனைக்கு வந்துவிட்டார். கார் உள்ளே வர அரை நிமிஷம். அதற்குள் டிவியை அணைத்தாக வேண்டும். சூடு தெரியாமலிருக்க அக்கா நோட்டால் அதன் முதுகில் விசிறுவாள். நான் வரலாற்றுப் புத்தகத்தை விரித்துவிடுவேன். அந்த வருஷம் முழுக்க ஒரே பக்கம். அப்பா புத்தகத்தைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், பேசாமல் உள்ளே போய்விடுவார். டிவியை ஒருநாள்கூடத் தொட்டுப் பார்த்ததில்லை.

இப்போது கார் ஓட்டுவது நானும் மனைவியும், வீட்டில் இருப்பது அப்பா. எத்தனை மணிக்கு வந்தாலும், ஷெட்டிலிருந்து கூடத்துக்குள் நுழைகிற வாசலில், ஏதோ அந்தப் பக்கம் வந்தவர்போல் நின்றிருப்பார். "வந்தாச்சா?" என்பார். கம்பியை வெட்டியதிலிருந்து அது நின்றுபோனது. உள்ளே போனால் நாற்காலியிலேயே இருப்பார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். தான் போட்ட கதவைக் கெடுத்துவிட்டேன் என்று கோபம் போலும். கேட்டும் பார்த்தேன்.

"கோபப்பட்டா கம்பி வளந்துடுமா?" என்றார்.

அப்பாவிடம் எதைக் கேட்டாலும் பதிலுக்கு ஒரு கேள்விதான் கிடைக்கும். உடம்பு எப்படி என்றால், உன் உடம்பு எப்படி என்பார்.

அந்த "வந்தாச்சா" இல்லாமல் உள்ளே நுழைவது, வேறு யார் வீட்டுக்கோ வந்ததுபோல இருந்தது. எப்படியாவது பழைய தூரத்தைக் கொண்டுவந்துவிடுவது என்று எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வேறு எதையும் வெட்டவில்லையே என்று விசாரித்தார். மொத்தம் பதினேழு சென்டிமீட்டர் வரும்படி கம்பியைப் பற்றவைத்து, இரும்பில் படாமல் நேராகத் தொங்கவிடச் சொன்னார். செய்தேன். ரிமோட் கேட் வரை எட்டியது, அதற்கு மேல் நகர மாட்டேன் என்றது. மறுபடி போய் நின்றேன். மோட்டாரில் என்ன பல்பு என்று கேட்டார். மலிவான எல்.ஈ.டி. சிலது இரைச்சல் கிளப்பி, ரிமோட் பேசுவது மோட்டாரின் காதில் விழாமல் செய்துவிடுமாம். மாட்டியது யார் என்று அவர் கேட்கவில்லை. என் முகத்திலேயே எழுதியிருந்தது.

குண்டு பல்போடு பக்கவாசல் வழியாக ஷெட்டுக்குள் வந்தேன். நான் திரும்பியது அப்பாவுக்குத் தெரியாது. ஏணியில் ஏறி மாட்டினேன். மனைவி வேலை முடிந்து வருகிற நேரம். தெருமுனையிலேயே நிறுத்தி அழுத்திப் பார் என்று போனில் சொன்னேன்.

கடகடவென்று கதவு ஏறியது. ஏணி மேலேயே ஆடியிருப்பேன். அதற்குள் திறந்திருந்த உள்வாசல் வழியாகக் கூடம் கண்ணில் பட்டது.

அப்பா நாற்காலியின் கைகளைப் பிடித்து உந்தினார். எழ முடியவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி உந்தினார். மூன்றாவது தடவையில் எழுந்துவிட்டார். சுவரைப் பிடித்தபடி நடந்து வந்து, நிலையில் சாய்ந்து, சட்டையை இழுத்துவிட்டு, ஒன்றும் நடக்காத முகம் ஒன்றை வைத்துக்கொண்டார்.

அப்புறம்தான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இறங்கிப் பக்கத்தில் போனேன். கார் இன்னும் வரவில்லை.

"அப்பா, எந்திரிக்க முடியலையா?"

எப்போதும்போல ஒரு கேள்வி வரும் என்று நின்றேன். அவர் நிலையிலிருந்து கையை எடுத்து என் தோளைப் பிடித்தார்.

"முடியலடா. ஆறு மாசமா இப்படித்தான். நீங்க பாத்துடக் கூடாதுன்னு, கதவு சத்தம் கேட்டதுமே ஆரம்பிச்சுடுவேன்."