திருப்ப முடியாத படம்

கேமராக்காரிக்கு இந்த வருஷம் முழுக்க அறிவியலாகவே அமைந்துவிட்டது. கல்யாணம், பிறந்தநாள் என்று ஓடிக்கொண்டிருந்தவளை யாரோ ஒரு விதை ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கைகாட்டிவிட, ஒரு வேலை இன்னொரு வேலையை இழுத்துக்கொண்டு வந்தது. குளிரூட்டிய அறையில் பல் கிடுகிடுக்க விதைகளைப் படம் எடுத்தாள். கரும்பலகையிடம் மட்டுமே பேசத் தெரிந்த ஒரு பேராசிரியரின் முதுகை வாரக்கணக்கில் வீடியோ எடுத்தாள். அவரைக் கேமரா பக்கம் திருப்புவதற்குள் அவளுக்கே பாதிப் பாடம் மனப்பாடமாகிவிட்டது. சொந்தத் தொழில், தலைக்குமேல் முதலாளி கிடையாது என்று பெருமை பேசுவாள். கூப்பிடுகிறவர்கள் எல்லோருமே முதலாளிதான் என்று கிண்டலடிப்பான் அவள் கணவன். அவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். அவனுக்கும் அதே கதைதான்.

இதற்கெல்லாம் மேலாக வந்தது பாடப்புத்தக வேலை. ஒரு பதிப்பகம் ஆறாம் வகுப்பில் தொடங்கி வரிசையாக அறிவியல் புத்தகங்கள் போடுகிறது. படங்களும், கூடவே வருகிற சின்ன வீடியோக்களும் அவள் பொறுப்பு. முதல் புத்தகம் நன்றாக வந்தால் மற்றவையும் அவளுக்கே என்று பதிப்பாசிரியை சொல்லியிருந்தார். மூன்று வருஷத்துக்கு யார் வாசலிலும் போய் நிற்க வேண்டாம்.

அளவீடு பற்றிய பாடத்துக்கு ஒரு பள்ளி ஆய்வகத்தில் படம் எடுத்தார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து அளவுஜாடியில் தண்ணீர் ஊற்ற வேண்டும். எல்லோரும் கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டினார்கள், தண்ணீர் மேஜையில் ஓடியது. ஒருத்தி மட்டும் கேமரா இருப்பதையே மறந்துவிட்டாள். ஒல்லிக்குச்சி, ஒரு இடத்தில் நிற்கமாட்டாள்; வகுப்பில் அவளுக்கு எறும்பு என்று பேர். ஆனால் ஜாடி முன்னால் வந்ததும் சிலையாகிவிட்டாள். தண்ணீர் மட்டத்துக்கு நேராகக் கண்ணை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் சொட்டுச்சொட்டாக ஊற்றினாள். டீச்சர் கையை மாற்றச் சொல்ல வாயெடுத்தார். கேமராக்காரி முந்திக்கொண்டாள்.

"நீ எப்படி ஊத்துவியோ அப்படியே ஊத்துடா கண்ணு. புக்குலயும் அப்படியே வரும்."

நிஜமாகவா என்று எறும்பு கேட்டதற்கு, சத்தியமாக என்றாள்.

சும்மா வாய்வார்த்தைக்குச் சொல்லவில்லை. அவளும் இடது கைக்காரிதான். அண்ணன்கள் 'பீச்சாங்கை' என்று கூப்பிட்டே வளர்ந்தவள். எழுதப் பழகிய வயதில் அந்தக் கையைத் துணியால் கட்டிப்போட்டார்கள். அதன் பலன், இன்றுவரை அவள் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். கேமராவிலும் பொத்தான் வலது பக்கம்தான். அதோடு அவள் சமாதானமாகப் போய்விட்டாள். மற்றதோடு போகவில்லை.

அச்சுக்கு முன் பார்வைக்கு வந்த பக்கங்களில் எறும்பு வலது கையால் ஊற்றிக்கொண்டிருந்தாள். கேமராக்காரிக்கு முதலில் தன் கண்மேலேயே சந்தேகம் வந்தது. பிறகு சட்டைப் பை கண்ணில் பட்டது. அந்தப் பள்ளிச் சீருடையில் பை இடது பக்கம். படத்தில் வலது பக்கம் இருந்தது. கண்ணாடியில் தெரிகிற மாதிரி படத்தையே இடம்வலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கையைக் கட்டத் துணிகூட வேண்டாம், இப்போது கம்ப்யூட்டரில் ஒரு தட்டுத் தட்டினால் போதும் போலிருக்கிறது.

பதிப்பாசிரியை எதையும் மறைக்கவில்லை. நல்ல மனுஷி, குரலை உயர்த்தாதவர். இடது கை பார்க்க நன்றாயில்லை, பள்ளிகள் வாங்க யோசிக்கும், மற்ற பிள்ளைகளும் அதையே பழகிக்கொள்ளும் என்று மேலே ஆளுக்கொன்று சொன்னார்களாம். ஆனால் திருப்பியதில் வேறு வம்பு வந்து சேர்ந்தது. ஜாடியில் இருந்த எண்களும் சேர்ந்து திரும்பிக்கொண்டன. அளவு படிக்கக் கற்றுத்தருகிற பக்கத்திலேயே எண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, பாடத்தைச் சரிபார்ப்பவர் விழுந்து விழுந்து சிரித்தாராம். அதனால் அதே பெண்ணை வைத்து மறுபடி எடுக்க வேண்டும்.

"வலது கையில எடுத்துடுங்க. வரலைன்னா எண் இல்லாத கிளாஸ் வச்சு எடுங்க, நாங்க ஃபிளிப் பண்ணிக்கிறோம்."

"அந்தப் பொண்ணுகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன் மேடம்."

"அடுத்த புக் யாருக்குன்னு நானும் மேல சொல்லணும் இல்லையா?" என்றார் பதிப்பாசிரியை, அதே மென்மையோடு.

வீட்டுக்கு வந்து பொரிந்து தள்ளினாள். கணவன் சூப் குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான். கடைசியில், ஏதோ ஒரு கை, ஊற்றுகிறது தண்ணீர்தானே, இதற்காக மூன்று வருஷ வேலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டுமா என்று கேட்டுவைத்தான். அவள் அவன் வலது கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி இடது கையில் வைத்தாள். அவனும் விளையாட்டு என்று நினைத்துக் குடித்துப் பார்த்தான். கொஞ்சம் வாய்க்குப் போனது, மிச்சம் பனியனுக்குப் போனது. அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மறுபடி எடுக்கப் போன அன்று அவள் சண்டைக்குத் தயாராகவே போனாள். எண் இல்லாத கிளாஸ் எதையும் மேஜைப்பக்கம் அண்டவிடவில்லை. இருப்பதிலேயே பெரிய எண் போட்ட ஜாடியைத் தேடி எடுத்தாள். சுவர்க் கடிகாரம் பின்னால் தெரிகிற மாதிரி மேஜையை நகர்த்தினாள். கரும்பலகையில் பாடத்தின் தலைப்பை எழுதவைத்தாள். இனி எவன் இந்தப் படத்தைத் திருப்புகிறான் பார்க்கிறேன் என்று முக்காலியில் வீடியோ கேமராவைப் பூட்டி ஓடவிட்டாள்.

எறும்பு துள்ளிக்கொண்டு வந்தாள். வந்ததும் வராததுமாக வலது கையால் குவளையை எடுத்தாள்.

"அக்கா, நான் பழகிட்டேன். என் கையாலதான் போன படம் கெட்டுப்போச்சுன்னு டீச்சர் சொன்னாங்க. தினமும் குளிக்கிறப்ப மக்குல ஊத்தி ஊத்திப் பழகினேன்."

ஊற்றியும் காட்டினாள். ஒரு சொட்டு கீழே விழவில்லை. டீச்சர் பூரித்துப்போனார். கெட்டவர் இல்லை அவர். பிள்ளையின் படம் புத்தகத்தில் வர வேண்டும் என்பதுதான் அவருக்கு.

பதிப்பகத்தோடு மல்லுக்கட்ட வந்தவளுக்கு இது தாங்கவில்லை. கை தன் பாட்டுக்குச் சில படங்கள் எடுத்தது. திரையில் பார்த்தாள். எல்லாப் படத்திலும் எறும்பு தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றில்கூட அவள் கண் தண்ணீரில் இல்லை.

"ஜாடியில தண்ணி எவ்வளவுடா இருக்கு?"

எறும்பு விழித்தாள். "தெரியலக்கா. கையைப் பார்த்துட்டிருந்தேன்."

கேமராக்காரி அந்தப் படங்களை ஒன்றுவிடாமல் அழித்தாள். டீச்சரை யாரோ வெளியே கூப்பிட்டார்கள். அவள் எறும்புக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, இடது கையால் குவளையை எடுத்து ஊற்ற ஆரம்பித்தாள். எறும்பு அந்தக் கையைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"உங்களை யாரும் திட்டலையா?"

"திட்டினாங்க. இப்பவும் திட்டப்போறாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஊத்திட்டுத்தானே இருக்கேன்."

எறும்பு குவளையைத் தன் இடது கையில் வாங்கிக்கொண்டாள். குனிந்து, தண்ணீர் மட்டத்துக்கு நேராகக் கண்ணை வைத்தாள். அந்த முகம் திரும்பி வந்துவிட்டது. கேமராக்காரி சத்தமில்லாமல் எழுந்து கேமராவுக்குப் பின்னால் போனாள்.

டீச்சர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். பார்த்தார். "ஏய், என்ன இது? கையை மாத்து."

எறும்பு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இருங்க டீச்சர், சிந்திடும்."

கேமராக்காரி அழுத்தினாள். டீச்சர் வாய் திறந்தபடி நின்றார். எறும்பு கடைசிச் சொட்டையும் விட்டு, அளவைச் சத்தமாகப் படித்தாள். சரியாக இருந்தது.

அந்த ஒரு படத்தையும், டீச்சர் குரலும் எறும்பின் பதிலும் வெட்டாமல் வீடியோவையும் கேமராக்காரி அங்கிருந்தே பதிப்பாசிரியைக்கு அனுப்பினாள். கூடவே எழுதினாள்: இதைத் தவிர என்னிடம் வேறு படம் இல்லை, இனி எடுக்கவும் மாட்டேன், அடுத்த புத்தகத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள்.