முன்னுரையில் அழுத பெண்

“என் பேரை எடுத்துருங்க சார்.”

பேராசிரியர் ஹரிஷங்கரிடம் பேரைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே என்று சிந்துவிடம் சீனியர் ஜெயலட்சுமி முதல் வருஷமே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். எழுதுவது மாணவர்கள், அட்டையில் வருவது அவர். தத்துவத் துறையின் எழுதாத சட்டம் அது. சிந்துவும் நாலு வருஷம் வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமையானால் ஆராய்ச்சி மாணவர்களை மயூர் விஹாரில் இருக்கும் தன் ஃபிளாட்டுக்கு வரச் சொல்லிவிடுவார். இன்றும் பிஸ்கட்டை டீயில் முக்கி, சொட்டச் சொட்ட வாயில் போட்டு, அதே விரலை நக்கி அவள் எழுதிய பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“அரே, எடுக்கணுமா? எல்லாரும் போடுங்கோன்னுதானே அழுவா! அச்சா, அட்டையிலயே போடறேன், என் பேருக்குக் கீழ. குஷியா?”

“அட்டையும் வேண்டாம். முன்னுரையை நான் படிச்சிட்டேன்.”

ஹரிஷங்கர் பேரில் ஒரு தியான நிலையம் வெளியிடப்போகும் புத்தகம். உள்ளே நூற்றிருபது பக்கம் அவளுடையது. அளக்கும்வரை குவாண்டம் துகள் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. அரிஸ்டாட்டில் சொன்னதுபோல ‘ஆகக்கூடியதாக’ இருக்கிறது. கருவியில் பட்டதும் ஏதோ ஒன்றாகிவிடுகிறது. இதில் மனசுக்கு ஒரு வேலையும் இல்லை. அவள் வாதம் அவ்வளவுதான். ஹரிஷங்கரின் முன்னுரையோ, ‘கைநாட்டுக் குடும்பத்தில் பிறந்த என் மாணவி சிந்து கண்மூடி மனதை ஒருமுகப்படுத்தியதும் துகள் தன் பாதையை மாற்றிக்கொண்டது. அதைக் கண்டு அவள் தேம்பி அழுதாள்’ என்றது.

“எந்த லேபுல சார் அழுதேன்? நம்ம துறையில லேபே கிடையாதே.”

“ஜனங்களுக்குப் புரியணுமேம்மா. பாக்கறவன் இல்லேன்னா உலகமே இல்லை. அரிஸ்டாட்டிலும் அதைத்தான் சொன்னார்.”

“சொல்லல. தோசை வேகணும்னா கல்லு காயணும் சார். யாரும் பக்கத்துல நின்னு முறைச்சுப் பாக்க வேண்டியதில்ல.”

சமையலறையில் அவர் மனைவி வத்சலா களுக்கென்று சிரித்துவிட்டாள். அவருடைய காது சிவந்தது.

“உங்கப்பா கைநாட்டுதானே? பொய்யா எழுதிட்டேன்? அதைப் படிச்சாத்தான் நாலு பேர் உருகுவா. உன் பேர் அங்க இருக்கறதே அதுக்குத்தான். என் கையெழுத்து இல்லாம உன் தீசிஸ் வாசல் தாண்டாது, ஞாபகம் இருக்கா?”

சொல்லிக்கொண்டே, தீசிஸைச் சமர்ப்பிக்க அவள் கொண்டுவந்திருந்த படிவத்தை இழுத்து, பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடுவார். அவள் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் இப்போதே போடுவார். நாலு வருஷப் பாடு. வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் போனவள் டாக்டராகவும் ஆகிவிடலாம். ஒரு நொடி ஆசை வந்தது. வந்த ஆசையை நினைத்து, அவரைவிடத் தன் மேலேயே அருவருப்பு கூடியது.

அவர் கைக்கு அடியிலிருந்து படிவத்தை உருவினாள்.

“வழிகாட்டியை மாத்தச் சொல்லி வெள்ளிக்கிழமையே துறை ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன் சார். நான் அழவே இல்லைன்னு தியான நிலையத்துக்கும் மெயில் போட்டாச்சு. நீங்களா எடுப்பீங்களான்னு பாக்கத்தான் வந்தேன். எடுத்திருந்தா அந்த லெட்டரைத் திரும்ப வாங்கியிருப்பேன்.”

“பாகல் ஹோ க்யா? பைத்தியமா உனக்கு? வேற எவன் உன்னைச் சேத்துப்பான்?”

ஏற்கெனவே வேறு இரண்டு பேராசிரியர்களிடம் கேட்டிருந்தாள். இரண்டு பேரும் நழுவிவிட்டார்கள். வாசலில் செருப்பை மாட்டக்கூட நிற்காமல், கையில் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.