தலைமாட்டு நாற்காலி

"பாடத்தானே கூப்பிடுறாங்க, அதுல என்ன குறைச்சல்?" என்று கப்பியார் தேவஸ்ஸி கேட்டு முடிப்பதற்குள் டின்ஸி கதவைச் சாத்தப் போனாள். மாதா கோயிலில் மணியடிப்பதும் சாவுச் செய்தி சொல்வதும் அவர் வேலை. சாத்தும் கதவுகள் அவருக்குப் பழக்கம். குடையை இடுக்கில் கொடுத்து நிறுத்தினார்.

"குறைச்சலா? நாளைக்கு மூணாவது கல்யாண ஓலை வாசிக்கணும். அந்தத் தாளைக் கோயில் அச்சன் மேசையில வெச்சது நீங்கதானே? போன ஞாயித்துக்கிழமை கோயில் முழுக்கக் கேட்டுச்சு, அவிராச்சனும் ஏலிக்குட்டியும் கல்யாணம் பண்ணிக்கப் போறாங்க, தடை தெரிஞ்சவங்க சொல்லுங்கன்னு. இன்னிக்கு அதே அவிராச்சனோட சாவுக்கு எங்கம்மா கூலிக்குப் பாட வரணுமா?"

"மெதுவா பேசு மோளே. ரெண்டு ஓலைதான் ஆச்சு. ரெண்டு ஓலை வாசிச்சவளுக்குக் கோயில் புத்தகத்துல பேரு கெடையாது. நான் என்ன செய்ய?"

"பேரு இல்லாதவ எதுக்கு வரணும்?"

"ஏன்னா அவ மாதிரி பாட வேற ஆள் இல்ல."

உள்ளே ஏலிக்குட்டி வெள்ளைச் சேலையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"எப்ப எடுக்கிறாங்க, தேவஸ்ஸிச் சேட்டா?"

"ரெண்டரைக்கு. கூடப் பாடுற செலின் வரமாட்டா, அவளுக்கு அக்கரையில ஒரு சாவு. நீ தனியாத்தான் சமாளிக்கணும். பெட்டி தூக்குற பசங்க வாசல்ல நிப்பாங்க. உன் குரல் நின்னா உள்ள வருவாங்க. எப்பவும் போலத்தான்."

"பத்து மணிக்கு வந்துடுறேன்னு சொல்லுங்க."

கப்பியார் குடையை உருவிக்கொண்டு போனார். டின்ஸி இஸ்திரிப்பெட்டியின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்.

"உனக்கு வெக்கமே இல்லையா அம்மச்சி? பேப்பர்ல பாத்தியா? மனைவி காலஞ்சென்ற மரியம்மா, மகன் சோஜன், அயர்லாந்து. மருமகளோட ஊர்ப்பேரு வரைக்கும் போட்டிருக்கான். உன் பேரு எங்க?"

"பாத்தேன். போட்டோவும் சரியில்ல. கோட்டு போட்ட பழைய படம். நாலு மார்க்குக்கு மேல குடுக்கமாட்டாரு."

தினமும் காலை ஆறு மணிக்கு அவிராச்சன் போன் செய்வார். செய்தித்தாளின் மரணப் பக்கத்தை முதலிலிருந்து கடைசி வரை வாசித்துக் காட்டுவார். ஒவ்வொரு போட்டோவுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார். "இவன் செத்த பிறகும் கடன்காரனைப் பாக்குற மாதிரியே பாக்குறான், மூணு." தனக்கென்று போன வருடமே கோட்டயத்தில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தார், சிவப்புச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக. மகன் அதைத் தேடவில்லை. தேடிக் கிடைத்திருந்தாலும் போட்டிருக்க மாட்டான்.

வியாழக்கிழமை ஆறு மணிக்குப் போன் வரவில்லை. ஆறரைக்கு ஏலிக்குட்டியே கூப்பிட்டாள். பால் கறக்க வந்தவன் எடுத்தான். இப்படித்தான் அவளுக்குத் தெரிந்தது.

ஏலிக்குட்டிக்கு அறுபத்து நான்கு வயது. முப்பது வருடமாக ஐந்து கோயில் பங்குகளில் யார் செத்தாலும் தலைமாட்டில் உட்கார்ந்து மாதாவின் அழுகைப் பாட்டைப் பாடுகிறவள். அவிராச்சனுக்கு எழுபத்து மூன்று. மனைவி போன பிறகு, யாரும் கேட்காமலே, எல்லாச் சவ ஊர்வலத்திலும் வெள்ளிச் சிலுவையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க ஆரம்பித்தார். பத்து ஏக்கர் ரப்பர் உள்ளவர் சிலுவை தூக்க வந்தால் யார் வேண்டாமென்பார்கள்? பத்து வருடம் பிணத்துக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அவருமாக நின்றார்கள். இதெல்லாம் எந்தச் சாவில் ஆரம்பித்தது என்று டின்ஸி ஒருமுறை கேலியாகக் கேட்டாள்.

"பீடிக்கடை ஔசேப்பு," என்றாள் அம்மா யோசிக்காமல். "அன்னிக்கு நான் ஒரு வரியை விட்டுட்டுப் பாடினேன். எல்லாரும் அழுதுட்டிருந்தாங்க. இவரு மட்டும் கண்டுபுடிச்சிட்டாரு."

வெள்ளிக்கிழமைகளில் இருவரும் சினிமாவுக்குப் போவார்கள், காலைக் காட்சி. மூன்று டிக்கெட் எடுப்பார்கள். நடு இருக்கையில் குடையை வைத்து இரண்டு பக்கமும் உட்கார்வார்கள், மரியாதைக்காம். குடைக்கு டிக்கெட் எடுத்த ஜோடி என்று பஸ் ஸ்டாண்ட் முழுக்கச் சிரித்தது. கோயில் நடத்துகிற கல்லூரியில் தற்காலிக ஆசிரியை வேலை பார்த்த டின்ஸியின் காதுக்கும் அந்தச் சிரிப்பு வந்தது. ஆசிரியர் அறையில் அவள் நுழைந்ததும் பேச்சு நிற்கும். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவள். பாட்டுக்காரி மகள் என்ற பெயரைத் துடைப்பதற்கே ஒரு எம்.ஏ. செலவாகியிருந்தது. துடைத்த இடத்தில் இவர்கள் புதிதாக எழுதினார்கள்.

ஜனவரியில் அவிராச்சன் இவர்கள் வீட்டுக்கு வந்து, டின்ஸியின் முன்னால் எழுந்து நின்று கேட்டார். "பொண்ணு கேக்க வந்திருக்கேன். உங்கம்மாவுக்குப் பெரியவங்கன்னு இப்ப நீ மட்டுந்தான். என்ன சொல்ற?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதை மறைக்கக் கோபத்தைக் காட்டினாள். "எனக்கு அடுத்த மாசம் இண்டர்வியூ இருக்கு. நிரந்தர வேலை. கேள்வி கேக்கப் போறது அச்சன்மார். அது முடியட்டும். ஒரு மாசம்தானே."

"ஒரு மாசம்தானே," என்றார் அவர். அம்மா சரி என்று மட்டும் சொன்னாள்.

இண்டர்வியூ முடிந்த வாரம் தவக்காலம் ஆரம்பித்தது. ஐம்பது நாள் தள்ளி வரும் உயிர்ப்பு ஞாயிறு வரை ஓலையும் கிடையாது, கல்யாணமும் கிடையாது. டின்ஸிக்கு அது ஞாபகமே இல்லை. எந்தத் திருநாள் எந்தக் கிழமை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற அம்மாவுக்கு அன்றே தெரிந்திருக்கும். அவருக்கும் தெரிந்திருக்கும். இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. வேலை கல்லூரிப் பொருளாளரின் தம்பி மகளுக்குப் போனது.

"நீ போகாத அம்மச்சி," என்றாள் டின்ஸி இப்போது. "போனா அவனுங்க ஜெயிச்ச மாதிரி."

ஏலிக்குட்டி சேலையை உதறி மடித்தாள்.

"நான் யாருன்னு சொல்லிக்கிட்டுப் போனா என்னை எங்க உக்கார வெப்பாங்க? சமையக்கட்டுப் பக்கம் பெஞ்சுல. தலைமாட்டு நாற்காலி பாட்டுக்காரிக்குத்தான். நாலு மணி நேரம் அவரு முகத்தைப் பாத்துட்டு இருக்கலாம். அப்புறம் முத்தம் குடுக்கிற நேரம் வரும். கடைசியா ஊர்க்காரங்க வரிசை. அதுல நானும் நின்னு ஒரு முத்தம் குடுத்துக்குவேன். ஊர்க்காரிக்கு அதை எவன் தடுப்பான்? எனக்கு அது போதும்டீ. நீ ஜெயிக்கிறதை அப்புறம் பாத்துக்க."

அவிராச்சன் வீட்டு முற்றத்தில் நீலப் பந்தலும் கூட்டமும் இருந்தன. சோஜன் படியிலேயே நின்றான். அழுது சிவந்த கண்கள், இஸ்திரி கலையாத சட்டை. ஏலிக்குட்டியைப் பார்த்துக் கைகூப்பினான். அவள் உள்ளே போனதும் டின்ஸியின் பக்கம் திரும்பினான்.

"நீங்க படிச்சவங்க, உங்களுக்குச் சொன்னாப் புரியும். வீடியோ லைவா போயிட்டிருக்கு. எங்கம்மா வீட்டு ஆளுங்க எல்லாம் பாக்குறாங்க. அப்பன் என்னென்னவோ பண்ணாரு, வயசாயிடுச்சு. இன்னிக்கு மட்டும் எதுவும் வேண்டாம்."

"எது வேண்டாம்?"

"அதான், புரியுமே."

அவனை அறைய வேண்டும் போலிருந்தது. ஆனால் ஜனவரியில் அவளும் இதைத்தான் சொன்னாள், இதைவிடக் கொஞ்சம் மரியாதை குறைவாக.

அவிராச்சனைக் கண்ணாடி மூடிய குளிர்பெட்டியில் வைத்திருந்தார்கள். முகம் வெளுத்து, மீசையை யாரோ தப்பாக வாரி விட்டிருந்தார்கள். ஏலிக்குட்டி தலைமாட்டில் உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமினாள். பாட ஆரம்பித்தாள். குரல் உடையவில்லை. முப்பது வருடத் தொழில் அது, மற்றவர்களை அழ வைப்பது.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கட்டன்காப்பி ஊற்றிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் பேசியது டின்ஸிக்குக் கேட்டது.

"இந்த வயசுல மாப்பிள்ளை வேஷம் கட்டினா நெஞ்சு தாங்குமா?"

"கோட்டயம் போயிக் கல்யாணச் சேலை எடுத்துட்டு வந்தாராமே, பட்டு."

"எடுத்து? அதை இனி யாரு உடுத்துறது, குடையா?"

சிரிப்பை அடக்கியதில் காப்பி சிந்தியது. "சும்மாருடீ. அவ மக நிக்கிறா."

இரண்டு மணிக்கு உடலைப் பெட்டிக்கு மாற்றினார்கள். குளிர்பெட்டியைக் கூடத்தின் மூலைக்குத் தள்ளினார்கள். அச்சன் வந்தார், ஜெபம் முடிந்தது. கப்பியார் சத்தமாகக் கூப்பிட ஆரம்பித்தார். மகனும் குடும்பமும் வாங்க. கூடப் பிறந்தவங்க வாங்க. மரியம்மா வீட்டுக்காரங்க வாங்க. ஒவ்வொருவராகக் குனிந்து நெற்றியில் முத்தம் கொடுத்தார்கள். ஏலிக்குட்டி பாடிக்கொண்டிருந்தாள். முத்தம் நடக்கும்போது பாட்டு நிற்கக் கூடாது.

"ஊர்க்காரங்க வாங்க."

ஏலிக்குட்டியின் உடம்பு நாற்காலியில் அரை விரல் முன்னால் வந்தது. டின்ஸி அதைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எப்போதும் அம்மா எழுந்தால் செலின் பாட்டைப் பிடித்துக்கொள்வாள். இன்று செலின் இல்லை. வரிசை நகர்ந்தது. பீடிக்கடை ஔசேப்பின் மகன் கொடுத்தான். காப்பி ஊற்றிய இருவரும் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்து கொடுத்தார்கள். பால்காரன் கொடுத்தான். வரிசை முடிந்தது.

பாட்டும் முடிகிற இடத்துக்கு வந்தது. ஏலிக்குட்டி நிறுத்தவில்லை. மூச்சை இழுத்து மறுபடி முதல் வரியில் ஏறினாள்.

அச்சன் புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்தார். சோஜன் கடிகாரத்தைப் பார்த்தான். வாசலில் கையுறை போட்ட நான்கு பேர் காத்து நின்றார்கள். பாடுகிறவரை அவர்கள் வரமாட்டார்கள். ஏலிக்குட்டிக்கு அது தெரியும். அவள் பாட்டால் அவரைப் பிடித்து வைத்திருந்தாள். எவ்வளவு நேரம் பிடிக்க முடியும்? ஒரு மிடறு தண்ணீர் இல்லாமல் நாலு மணி நேரம் பாடிய தொண்டை. இரண்டாவது அடியில் குரல் தேய்ந்தது. அவள் டின்ஸியைப் பார்த்தாள்.

சின்ன வயதில் டின்ஸி இந்தப் பாட்டுக்குப் பக்கத்திலேயே தூங்கியிருக்கிறாள். பதிமூன்று வயதில் ஒருநாள் இனி உன்கூட எந்தச் சாவு வீட்டுக்கும் வரமாட்டேன் என்று சொன்னாள், வரவும் இல்லை. ஆரம்பத்து வரிகள் மட்டும் மிச்சமிருந்தன. இரண்டு வரி போதும். அம்மா குனிந்து நிமிர எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

அவள் முன்னால் வந்து அம்மாவின் தோளில் கை வைத்தாள். பாட ஆரம்பித்தாள். குரல் நடுங்கிற்று, ஆனால் வரி சரியாக இருந்தது. அம்மா அவளை அண்ணாந்து பார்த்தாள். பாட்டை விட்டாள். நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தாள்.

வாசலில் நின்றவர்களுக்கு முப்பது வருடமாக ஒரே குரல்தான் தெரியும். அது நின்றது. அவர்கள் உள்ளே வந்தார்கள். மெல்லிசாகக் கேட்டுக்கொண்டிருந்த வேறு குரலை யாரோ அழுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். மகன் அழுதுகொண்டே வெள்ளைத் துணியால் அப்பனின் முகத்தை மூடினான். இரண்டு பேர் மூடியைத் தூக்கி வைத்தார்கள், இரண்டு பேர் திருகினார்கள். பழகிய கைகள். டின்ஸி இரண்டாவது வரியில் இருந்தாள்.

"நில்லுங்க," என்றாள். "நில்லுங்க, எங்கம்மா..."

கப்பியார் அடித்த மணியோசையில் அது போயிற்று. மரியம்மா வீட்டுக்காரன் ஒருவன் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பெட்டிக்கு வழி விட்டான். ஏலிக்குட்டி எழுந்தது எழுந்தபடி நின்றாள். பெட்டி அவள் இடுப்பை உரசிக்கொண்டு போனது.

வெள்ளிச் சிலுவையை யார் தூக்குவது என்று முற்றத்தில் கொஞ்ச நேரம் குழப்பம் இருந்தது. பிறகு ஊர்வலம் நகர்ந்தது. கப்பியார் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"ஏலிக்குட்டி, கல்லறைக்கு வரலையா?"

"காலு மரத்துப்போச்சு சேட்டா. நீங்க போங்க."

கூடம் காலியானது. மின்விசிறி சுற்றியது. டின்ஸிக்குப் பேச வேண்டியது நிறைய இருந்தது, ஜனவரியிலிருந்து. ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். ஏலிக்குட்டி வாங்கவில்லை. அவள் கேட்டது வேறு.

"ரெண்டாவது வரி எங்க கத்துக்கிட்ட?"

"எங்கயும் கத்துக்கல. தெரிஞ்சிருந்துச்சு."

"ம்."

குளிர்பெட்டியை எடுத்துப்போக வாடகைக்காரன் வந்தான். வாளியில் மருந்துத் தண்ணீர், தோளில் துணி. ஒயரைச் சுருட்டி வைத்தான், கண்ணாடி மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்தான். ஏலிக்குட்டி எழுந்து போனாள். பெட்டிக்குள் தலை இருந்த பக்கத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

"இன்னும் குளிருது," என்றாள்.

"கரண்டு எடுத்து ஒரு மணிநேரந்தானே ஆச்சு. நேரமாகும் அம்மச்சி." அவன் டின்ஸியைப் பார்த்தான். "இன்னொரு வீட்டுல காத்துட்டிருக்காங்க."

டின்ஸி தண்ணீர்த் தம்ளருடன் நின்றாள். ஏலிக்குட்டி கையை எடுக்கவில்லை.

அவன் துணியை முக்கிப் பிழிந்தான். கால் பக்கத்திலிருந்து துடைக்க ஆரம்பித்தான்.