முப்பத்தோராம் இலக்கம்

வீட்டுத்திட்டப் பட்டியலில் முப்பத்தோராம் இலக்கத்தை வெட்டியது நான்தான். கத்தி எடுக்கவில்லை, பேனை எடுக்கவில்லை. விசைப்பலகையில் இருக்கிற மிக நீளமான விசையை ஒருமுறை தட்டினேன், அவ்வளவுதான்.

எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கக் கந்தோரில் கணினி பார்க்கிற ஆள் நான். இலவசமாகக் கிடைக்கிற அலுவலக மென்பொருளைத் தமிழாக்குகிற தொண்டர் குழு ஒன்றிலும் இருந்தேன். அச்சுக் கட்டளைச் செய்திகள் முழுவதும் என் பங்கு. நூற்றுப் பன்னிரண்டு வரி. நூற்றுப் பதினொன்றை முடித்துவிட்டேன். கடைசி ஒன்று மல்லுக்கட்டியது. எழுத்து தாளின் வெற்று ஓரத்துக்குள் போகிறது, அந்த இடத்தில் அச்சு விழாது, அப்படியும் அச்சடிக்கவா என்று கேட்கிற எச்சரிக்கை அது. அந்த ஓரத்துக்கு என்ன சொல் போடுவது? ‘விளிம்பு’ என்றால் கிணறு ஞாபகம் வருகிறது. ‘கரை’ என்று போட்டால், மன்னாரில் கரையைத் தாண்டிப் போகிறவன் மீன் பிடிக்கத்தான் போவான். பிறகு யோசிப்போம் என்று அந்தக் கட்டத்தில் ஒரு வெற்றிடத்தைத் தட்டினேன். வெற்றிடத்தையும் மொழிபெயர்ப்பாக எண்ணிக்கொண்ட இயந்திரம் ‘நூறு வீதம் நிறைவு’ என்று பச்சையில் காட்டியது. பச்சையைக் கண்ட பிறகு எவன் திரும்பிப் போவான்? பூசை முடிவில் பாதர் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். நானும் தலையைக் குனிந்து அடக்கமாக நின்றேன்.

அதே மென்பொருளைத்தான் சங்கக் கணினியில் போட்டேன். தாள் மிச்சம் பிடிக்கவென்று பக்கத்தின் கீழ் இடைவெளியையும் நானே சுருக்கிவிட்டேன். ஆவணி மாதம், கந்தோரில் தட்டெழுத்துப் பார்க்கிற பிறின்சி, அரசாங்க வீடு கேட்கிற குடும்பங்களின் பட்டியலை அச்சடிக்கப் போனபோது திரையில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே ஒரு சொல்லும் இல்லை. அடியில் ‘ஓம்’, ‘வேண்டாம்’ என்று இரண்டு பொத்தான்கள் மட்டும்.

“அண்ணா, இது என்னத்தையோ கேக்குது. என்ன கேக்குதெண்டுதான் விளங்கேல்ல.”

“ஓம் எண்டதை அமத்தும் பிள்ளை. அது சும்மா வாறது.”

முதல் பக்கத்தின் கடைசி வரி தாளில் விழவில்லை. அந்தப் பக்கம் முப்பதோடு முடிந்தது. அடுத்த பக்கம் முப்பத்திரண்டில் தொடங்கியது. தலைவர் சாஹுல் ஹமீட் கையெழுத்து வைத்தார். நான் முத்திரை குத்தினேன். மொத்தம் நாற்பத்தெட்டுக் குடும்பம் என்று அடியில் இருந்தது. பட்டியல் போய்ச் சேர்ந்த பெரிய கந்தோரில், பிரதேச செயலகத்தில், கவனமான ஆட்கள், ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். எண்ணிவிட்டு, நாற்பத்தெட்டைச் சிவப்புப் பேனையால் வெட்டி நாற்பத்தேழு என்று திருத்திவிட்டார்கள்.

முப்பத்தொன்று, ஸம்ஸியா. புத்தளத்தில் அகதியாக வளர்ந்து, அங்கேயே கல்யாணம் கட்டி, கணவனை அங்கேயே அடக்கிவிட்டு, இரண்டு மகள்களோடு முசலிக் கரையில் இருக்கும் வாப்பாவின் காணிக்குத் திரும்பி வந்தவர். கொட்டில் கூரை சல்லடை. அவருடைய அண்ணன் ஷிராஸ் நானா புதுத் தகரம் கொண்டுவந்து வேலியில் சாத்தி வைத்திருந்தார். ஸம்ஸியா ஏற்ற விடவில்லை. கூரை புதிதாக இருந்தால், பார்க்க வருகிற உத்தியோகத்தர் ‘வீடு உண்டு’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவாராம்.

பட்டியலை அறிவித்தல் பலகையில் ஒட்டிய மறுநாளே ஸம்ஸியா கந்தோருக்கு வந்துவிட்டார்.

“கிறகரி அண்ணன், என்ட பேரு எங்க?”

“பிரின்டர்ல ஒரு சின்னப் பிழை, தங்கச்சி.”

“பிரின்டருக்கு என்னோட மட்டும் என்ன கோவமாம்?”

“பாத்துச் செய்வம்.”

“செய்வமெண்டா? நான் தகரத்த ஏத்தவா, வேணாமா?”

“கொஞ்சம் பொறுங்கோ. பாப்பம்.”

அன்றைக்கு உண்மையாகவே பிரின்டரைத்தான் சந்தேகப்பட்டேன். வயரைக் கழற்றிப் பூட்டினேன். மென்பொருளை அழித்து இரண்டு முறை திரும்பப் போட்டேன். இணையத்தில் உதவி கேட்கிற பக்கத்தில், ‘அச்சடிக்கும்போது வரவேண்டிய செய்தி வருவதில்லை, வெறும் பெட்டிதான் வருகிறது’ என்று எழுதினேன். எந்தப் பதிப்பு என்று ஒருவர் கேட்டார். பிரின்டரை நிறுத்திப் போடச் சொன்னார் இன்னொருவர். மூன்றாமவர் ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்க்கச் சொன்னார். மாற்றினேன். பெட்டிக்குள் எச்சரிக்கை முழுசாக வந்து நின்றது. ‘அப்படியென்றால் அந்த வரியைத் தமிழாக்கியவரைப் பிடியுங்கள்’ என்றார் அவர். கோப்பைத் திறந்து பெயரைப் பார்த்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த ஆள். அன்று காலையில்தான் அவருக்கு முகச்சவரம் செய்துவிட்டிருந்தேன்.

விடுபட்ட வரியை எழுதிச் சேர்க்க நான்கு நிமிடம் போதுமாக இருந்தது.

விடுபட்ட பெயரைச் சேர்க்கத்தான் பெரிய கந்தோருக்கு அலைந்தேன். முதல்முறை, வீட்டு அலுவல் பார்க்கிற இந்திராதேவி மிஸ் லீவு. இரண்டாம் முறை கூட்டம். மூன்றாம் முறை ஆளைப் பிடித்துவிட்டேன். “பாப்பம். மேல கேக்கோணும்” என்றார். அந்தப் ‘பாப்பம்’ எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் வெட்கக்கேடு. அதை அப்படியே கொண்டுபோய் ஸம்ஸியாவிடம் கொடுத்தேன். பிழை யாருடையது என்று மட்டும் சொல்லவில்லை. தொண்டைவரை வந்தது, “மேல கேட்டிருக்கு” என்று வெளியே போனது.

ஐப்பசியில் முதல் மழை இறங்கியது. அடுத்த நாள் ஸம்ஸியா மூத்த மகளின் பள்ளிக்கூடக் கொப்பிகளோடு வந்தார். மை கரைந்து பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

“மேல என்ன சொன்னாங்க, அண்ணன்?” என்றுதான் கேட்டார்.

அங்கிருந்தே பஸ் ஏறினேன். இந்திராதேவி மிஸ்ஸின் மேசைக்கு முன்னால் இருந்த கதிரையில், அவர் இருக்கச் சொல்லும் முன்பே இருந்தேன்.

“மிஸ், பிழை பிரின்டர்ல இல்லை, என்னிலதான். எழுதிக் கையெழுத்து வைச்சுத் தாறன். அந்தப் பேர் ஏறுமோ, ஏறாதோ? அதை மட்டும் சொல்லுங்கோ.”

அவர் கோப்பை மூடி வைத்தார்.

“ஏறாது. பட்டியல் கொழும்புக்குப் போய் ஒரு மாசம். நீங்கள் முதல் கேட்டபோதே எனக்கு அது தெரியும்.”

“பிறகேன் பாப்பமெண்டு சொன்னனீங்கள்?”

“நீங்கள் அவவுக்கு என்னெண்டு சொன்னனீங்கள்?”

கையெழுத்து வைக்க எடுத்த பேனையைச் சட்டைப் பையில் திரும்பச் செருகினேன்.

“வீடு வராது, கிறகரி,” என்றார். “தகரத்தை இண்டைக்கே ஏத்தச் சொல்லுங்கோ.”