இடப்பக்கம்

"வூட்ல இன்னா விசேஷம் நைனா?" என்று கேட்டுக்கொண்டே பூக்காரி மல்லிகையை முழம் போட்டாள்.

தணிகாசலம் சில்லறையை எண்ணி நீட்டினான். சுடுகாட்டிலிருந்து வந்து குளித்த தலை இன்னும் காயவில்லை. பிள்ளையைப் புதைத்துவிட்டு சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்கு வந்திருந்தான். பால் கட்டினால் மாரில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டணும், வற்றிவிடும் என்று பக்கத்து வீட்டு ஜஹனாராதான் அவனை அனுப்பியிருந்தாள்.

இரட்டைப் பிள்ளைகள். செம்பியனுக்கு எப்போதும் அம்மாவின் இடப்பக்கம், அன்புச்செல்விக்கு வலப்பக்கம். மாற்றிப் போட்டால் இரண்டும் ஊரைக் கூட்டிவிடும். போன வாரம் இரண்டுக்கும் சேர்ந்தே காய்ச்சல் வந்து காதில் சீழ் வடிந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கை அவன் மனைவி பாஞ்சாலி இரண்டுக்கும் ஊற்றினாள். செம்பியன் மட்டும் காலை மடக்கிக்கொண்டு வீறிட்டான், ஓய்ந்தான், மறுபடி வீறிட்டான். குடலேத்தம் என்று எண்ணெய் தடவித் தட்டிப் பார்த்ததில் ஒரு பகல் போயிற்று. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, குடல் ஒன்றுக்குள் ஒன்று சொருகி அழுகியிருந்தது.

"அந்த மருந்தாலயா டாக்டரம்மா?"

"இல்லவே இல்லைன்னு அடிச்சு சொல்ல முடியாதுப்பா. இதாலதான்னும் சொல்ல முடியாது. பாப்பாவுக்கு மருந்தை நிறுத்திடாதீங்க, காதுல சீழ் இன்னும் இருக்கு."

தணிகாசலத்துக்குக் கோபம்தான் வந்தது. ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

வீட்டில் பாஞ்சாலி அன்புச்செல்வியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரில் மருந்து பாட்டில். ரவிக்கையின் இடப்பக்கம் மட்டும் நனைந்திருந்தது. குழந்தை காதைப் பிடித்து இழுத்துச் சிணுங்கியது.

"சாயந்தரத்து மருந்து இன்னும் குட்க்கல," என்றாள். "குட்த்தா இதுவும் பூடுமா?"

"தெர்ல."

"குட்க்காட்டி?"

"காது ரொம்ப மோசமாயிடுமாம்."

"டாக்டரம்மா இன்னாதான்யா சொன்னாங்க?"

பொய் நாக்கு நுனி வரை வந்தது.

"அதாலயா இல்லயான்னு அவங்களுக்கே தெர்லயாம். குட்க்கத்தான் சொன்னாங்க. இதுவும் அதுமாரி வுட்டு வுட்டு அழுதா, தட்டிக்கினு குந்தியிராம ஒடனே தூக்கியாரச் சொன்னாங்க."

பாஞ்சாலி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாட்டிலை எடுத்துக் குலுக்கினாள். மூடியில் ஊற்றியது கொஞ்சம் சிந்தியது. மறுபடி அளந்து ஊற்றிப் புகட்டினாள். குழந்தை முகத்தைச் சுளித்து விழுங்கியது.

அவன் பூப்பொட்டலத்தைப் பிரித்தான்.

"இரு," என்றாள்.

குழந்தையைத் திருப்பி இடப்பக்கம் போட்டாள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டு அலறியது. மறுபடி போட்டாள். மறுபடியும் உதைத்தது. மூன்றாம் முறை, விக்கலோடு குடிக்கத் தொடங்கியது.

தணிகாசலம் பூவை இலையில் வைத்து மடித்து, நாரால் மறுபடி கட்டினான்.